ஃப்ளை ஆஷ் எனும் அனல்மின் நிலையச் சாம்பலை உருட்டிச் செய்யும் செயற்கை ஜல்லி வலு குறைந்தது என்கிறார்களே, அதைப் போட்டு உயர் வலிமையும் வளைந்துகொடுக்கும் தன்மையும் உள்ள கான்கிரீட் செய்ய முடியுமா?

முடியும். ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடித்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், கைடு வேண்டாம் என்றிருப்பார். எம்.இ. முதல் ரிவியூவில் எனக்கும் அதேதான். "நசுங்குற உருண்டையைப் போட்டா வலிமை எப்படிப்பா வரும்?" என்று கேட்டு உட்கார வைத்துவிட்டார்கள்.

சாதாரண கான்கிரீட்டை இழுத்தால் 0.01 சதவீதம் நீள்வதற்குள் ஒரே விரிசலில் உடையும். 1990களின் தொடக்கத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ உருவாக்கிய இ.சி.சி. என்ற வளையும் கான்கிரீட் 3 முதல் 5 சதவீதம் வரை நீளும். அதில் ஜல்லியே கிடையாது, சிமெண்டோடு நைசான மணலும் கன அளவில் சுமார் 2 சதவீதம் மெல்லிய இழையும்தான். ஒரு பெரிய வெடிப்புக்குப் பதில் ஏராளமான மயிரிழை விரிசல்கள் விழும். ஆனால் வலிமையைக் கூட்டக் கூட்டக் கலவை லேசில் விரியாது, விரிந்தால் இழையால் தாங்க முடியாமல் அந்த ஒரே இடத்தில் பிளந்துகொள்ளும். சாம்பல் உருண்டை கைகொடுப்பது இங்கேதான். அதன் பலவீனம்தான் பல இடங்களில் விரிசலைத் தொடங்கி வைக்கிறது.

நாங்கள் சாய்ந்து சுழலும் தட்டில் ஃப்ளை ஆஷைக் கொட்டி, சோடியம் சிலிகேட்டும் காஸ்டிக் சோடாவும் கலந்த கரைசலைத் தெளித்துத் தெளித்துச் சீடை மாதிரி உருட்டி, 2.36 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மணலுக்குப் பதில் போட்டோம். முதல் கலவை பாழ். ஊறவைக்காத உருண்டைகள் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டன, இழை பந்து பந்தாகத் திரண்டது. அடுத்த முறை ஒரு நாள் ஊறவைத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டுப் போட்டோம். வார்த்து எடுத்த துண்டை இழுத்து முடித்தும் வெளியே ஒன்றும் தெரியவில்லை. லேப் அண்ணன் ஸ்பிரிட்டைத் தெளித்தார். அது காயக் காயக் குறுக்கே கோடு கோடாக விரிசல்கள் எழுந்து வந்தன. உடைந்த முகத்தில் உருண்டைகள் பாதி பாதியாகப் பிளந்திருந்தன. இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

கியூப் வலிமை, அதாவது அழுத்தத்தைத் தாங்கும் வலிமை, குறையுமே என்று சிலர் வருவார்கள். குறையும்தான், எங்களுக்கும் குறைந்தது. வீட்டுக் கூரைக்குப் போடச் சொல்லவில்லை. இழுவையும் அசைவும் வரும் இடத்துக்குத்தான் இது.

உருண்டை வலுவில்லை என்பவர்கள், எம்சாண்ட் என்ற பெயரில் கிரஷர் டஸ்ட், அதாவது ஜல்லி உடைக்கும்போது மிஞ்சும் தூள், இறங்கும்போது ஏன் வாயே திறப்பதில்லை? போன மாதம் தம்பி வீட்டு வேலைக்கு வந்த லோடில் கையை விட்டுப் பார்த்தேன், விரல் இடுக்கெல்லாம் மாவு. "எல்லாரும் இதைத்தான் சார் போடுறாங்க" என்றார் மேஸ்திரி. லோடைத் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.