எரிவாயுக் கிணற்றோரம் குடியிருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

சுற்றுச்சூழலால் வரும் நோய்கள் என் துறை. எரிவாயுக் கிணறு, குழாய், பிளேர் (கிணற்றோரம் வேண்டாத வாயுவைக் கொளுத்தும் தீ) பற்றிக் கேளுங்கள். வழக்கு, நஷ்டஈடு எனக்குத் தெரியாத சங்கதி.

வீட்டிலிருந்து 400 மீட்டரில் கேஸ் கிணறு. மருமகள் ஆறு மாசம். அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாமா? (திருவாரூர் பக்கம்)

துளைபோடும் ரிக் இன்னும் வேலை செய்கிறதா, இல்லை பழைய கிணறு சும்மா ஓடிக்கொண்டிருக்கிறதா? அதைப் பொறுத்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2004 முதல் 2013 வரை பிறந்த 11 லட்சம் குழந்தைகளின் பதிவை அலசி 2017இல் ஓர் ஆய்வு வந்தது. கிணற்றுக்கு 1 கி.மீ.க்குள் வசித்த தாய்மார்களுக்கு இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 சதவீதம் கூடுதல். 3 கி.மீ. தாண்டினால் அந்த வித்தியாசம் காணவில்லை. 25 சதவீதம் என்றதும் நூற்றுக்கு 25 குழந்தை என்று பதறாதீர்கள். நூற்றில் எட்டாக இருந்தது பத்தாகும், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

ரிக் ஓடி, ராத்திரி பிளேர் எரிகிறது என்றால் அனுப்பிவிடுங்கள். வளைகாப்பு முடிந்து போகத்தானே போகிறாள், கொஞ்சம் முன்னாடி போகட்டும். ரத்தசோகையும் பி.பி.யும் பார்ப்பதை எங்கே இருந்தாலும் விடாதீர்கள்.

போர் தண்ணி சோடா மாதிரி பொங்குது. தீக்குச்சி காட்டிப் பாக்கலாமா?

கூடவே கூடாது. பொங்குவது மீத்தேன், அதாவது எரிவாயுவாக இருக்கலாம். மீத்தேன் கரைந்த தண்ணீரைக் குடிப்பதால் விஷமேறாது. மூடிய இடத்தில் சேர்ந்தால்தான் ஆபத்து. அதே பென்சில்வேனியாவில் டிமோக் என்ற ஊரில் 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுக் கிணறு வெடித்து, மேலே கிடந்த கான்கிரீட் பலகை தூக்கி வீசப்பட்டது. மோட்டார் அறைக் கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே சுவிட்ச் போடாதீர்கள்.

பரிசோதனைக்குக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்து அனுப்பாதீர்கள். பென்சீன் என்ற புற்றுநோய் ரசாயனம் ஆவியாகிப் பறந்துவிடும். ஆய்வகம் தரும் கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக் குமிழ்கூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். கேஸ் கிணறு தோண்டுவதற்கு முன்னாலேயே ஒரு தடவை எடுத்து வைத்திருக்க வேண்டும். பின்னால் எடுத்ததை மட்டும் வைத்து நிரூபிப்பது கஷ்டம்.

கேன்சர் வருமா?

2023இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வு, 1 மைலுக்குள் வசித்த குழந்தைகளுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்று) வாய்ப்பு 5 முதல் 7 மடங்கு என்றது. ரத்தப் புற்றோடு தொடர்பில்லை என்றது. 2022இல் வந்த யேல் பல்கலைக்கழக ஆய்வோ 2 கி.மீ.க்குள் ஒருவகை ரத்தப் புற்று இரண்டு, மூன்று மடங்கு என்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. இரண்டுமே அபூர்வ நோய்கள், மடங்கானாலும் அபூர்வம்தான்.

எங்களுக்கு ரெண்டரை கி.மீ. கேன்சர் வருமா?

மேலே படியுங்கள்.

நான் ரிக்ல பல வருஷம் வேலை பாத்தவன், ஒரு நோயும் இல்ல. நீங்க சொல்றதெல்லாம் அமெரிக்காக்காரன் பிராக்கிங். நம்ம டெல்டால சாதாரணக் கிணறு. பீதி கிளப்பாதீங்க சார்.

பாதி சரி. பிராக்கிங் என்றால் தண்ணீரை அழுத்திப் பாறையை உடைத்து வாயு எடுப்பது. அங்கே ஒரு கிணற்றுக்குக் கோடிக்கணக்கான லிட்டர் தண்ணீர், நூற்றுக்கணக்கான லாரி. அந்த எண்களை அப்படியே குத்தாலத்தில் ஒட்ட முடியாது. ஆனால் டீசல் ஜெனரேட்டர், பிளேர், பென்சீன் ஆவி, கிணற்றிலிருந்து வரும் உப்புநீர் இவையெல்லாம் சாதாரணக் கிணற்றுக்கும் உண்டு. 2003இல் சீனாவின் சோங்சிங் பக்கம் வெடித்தது பிராக்கிங் கிணறு இல்லை. அதிலிருந்து வந்த ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷவாயு 243 பேரைக் கொன்றது. 1995இல் ஆந்திராவின் பாசர்லபூடியில் 65 நாள் எரிந்ததும் சாதாரணக் கிணறுதான்.

இவரு கம்பெனி ஆளு, பதில் சொல்லாதீங்க. (நெடுவாசல்)

கேள்வி நல்ல கேள்வி தம்பி. ஆளைப் பார்த்து அடிக்காதீர்கள்.

ரெண்டும் விபத்து சார். தினசரி ஓட்டத்துல என்ன கெடுதல்? நான் சாட்சி.

நீங்கள் சாட்சி ஆக முடியாது. திடமான ஆளைத்தான் ரிக்கில் எடுப்பார்கள். நோய்ப்பட்டவர் வேலையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சியிருப்பவரைப் பார்த்தால் எல்லாரும் ஆரோக்கியம்தான். உங்களுக்கு ஷிப்ட், லீவு உண்டு. வேலிக்கு வெளியே தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு 24 மணி நேரமும் அதே காற்று. நம் ஊரில் பிறப்புப் பதிவேடு இருக்கிறது, கிணறுகள் இருக்கும் இடமும் தெரியும். இரண்டையும் பொருத்திப் பார்க்கச் சொல்லி நீங்களும் கையெழுத்துப் போடுங்கள், வாதம் முடிந்துவிடும்.

நாகப்பட்டினம். தண்ணி உப்பாயிடுச்சு, கேஸ் கிணறுதானே காரணம்?

கடலும் உள்ளே ஏறுகிறது. எது காரணம் என்று பிரித்துப் பார்க்க, ஆய்வகத்தில் குளோரைடோடு புரோமைடு, பேரியமும் பார்க்கச் சொல்லுங்கள். தோண்டுவதற்கு முந்தைய ரிப்போர்ட் இருக்கிறதா? இருக்காது. அதனால்தான் கத்துகிறேன்.

வயல்ல குழாய் போகுது. வாசம் வரலேன்னா கசிவு இல்லதானே?

இல்லை! சிலிண்டரில் வரும் நாற்றம் கம்பெனி சேர்ப்பது. வயல் குழாயில் சேர்க்காமலும் போகும். 2014இல் ஆந்திராவில் நகரம் என்ற பெயருள்ள கிராமத்தில் குழாய் வெடித்துப் பலர் கருகிச் செத்தார்கள். வரப்பில் சீறல் கேட்டாலோ, பயிர் வட்டமாகக் காய்ந்தாலோ விலகி வந்து போன் பண்ணுங்கள்.

2020லயே வேளாண் மண்டலம் ஆக்கியாச்சே?

புதுசுக்குத்தான் தடை. பழைய கிணறு ஓடுகிறது, அதன் சிமென்ட் உறைக்கும் வயசாகிறது.

நஷ்டஈடு எவ்வளவு கேக்கலாம்?

வக்கீல்.

கேன்சர்...

முடியலைங்க.

கிணறு 6 கி.மீ. தள்ளி இருக்கு. பையனுக்கு வீசிங் விடவே இல்ல. கிணத்தாலயா?

அந்த பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வில், வாயு எடுக்கும் காலத்தில் பக்கத்தில் இருந்த ஆஸ்துமாக்காரர்களுக்கு அது கடுமையாகும் வாய்ப்பு 4, 5 மடங்கு. அதை அப்படியே உங்கள் பையனுக்கு ஒட்ட முடியாது. ராத்திரி பையன் படுக்கிற அறையில் கொசுவர்த்தி கொளுத்துகிறீர்களா?