நைஃப், நாட், நைட் போன்ற ஆங்கிலச் சொற்களில் முதலில் உள்ள கே ஏன் ஒலிப்பதில்லை?

இந்தக் கேள்வியைச் சும்மா யாரும் கேட்பதில்லை. எங்கோ ஒரு கூட்டத்தில் நீங்கள் வாய்விட்டுப் படித்திருப்பீர்கள், யாரோ சிரித்திருப்பார்கள். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது அதுதான்.

1994, பாலிடெக்னிக் முதலாண்டு. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவன் நான். ஆங்கில வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னார்கள். கே-என்-ஐ-எஃப்-இ என்று வந்த சொல்லை 'க்னைஃப்' என்று படித்தேன். ஆசிரியர் திருத்தவில்லை. "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். வகுப்பே சிரித்தது. மூன்றாவது தடவையும் படிக்க வைத்தார். டிப்ளமோ முடியும்வரை எனக்குப் பெயரே அதுதான்.

இதைவிட வலித்தது அடுத்த மாதம் நடந்தது. லேத்தில் கைப்பிடி வழுக்காமல் இருக்க, உலோகத்தின் மேல் சொரசொரப்பாகக் கோடு போடுவோமே, 'நர்லிங்', அந்த வேலை எனக்கு நன்றாக வரும். ரெக்கார்டு நோட்டில், காதில் கேட்டபடியே, 'என்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எழுதினேன். சிவப்பு மையில் சுழித்து, முன்னால் ஒரு கே போட்டுக் கொடுத்தார்கள். கே-யைச் சொன்னாலும் தப்பு, விட்டாலும் தப்பு. ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்பதுதான் பதில்.

அது அப்படித்தான் இல்லை என்று தெரிய எனக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு கிரைண்டிங் மெஷினை நிறுவ ஜெர்மானியர் ஒருவர் வந்தார். மெஷினுக்கு மட்டம் பார்க்கக் குனிந்தவர் அடிப்பலகையில் முழங்காலை இடித்துக்கொண்டு, "மைன் க்னீ!" என்று கத்தினார். க-வும் ன-வும் தெளிவாகக் கேட்டது. வலி அடங்கியதும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் எழுதியே காட்டினார்: முழங்கால் க்னீ, முடிச்சு க்னோட்டன், பொத்தான் க்னோப்ஃப், மாவு பிசைவது க்னேட்டன். எல்லாவற்றிலும் முதல் எழுத்து கே, எல்லாவற்றிலும் அது ஒலிக்கிறது.

அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். பழைய ஆங்கிலத்திலும் இந்தக் க-ஒலி இருந்திருக்கிறது. முழங்காலும் முடிச்சும் அப்போது சி-என் என்று எழுதப்பட்டன, க்ன என்றே ஒலித்தன. பிரெஞ்சு பேசிய நார்மன்கள் 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு எழுத்துமுறை மாறி, அந்த சி கே ஆனது. இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்தபோதும் மக்கள் அதை ஒலித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 1600-களில்தான் பேச்சில் மெல்ல மெல்ல உதிர்ந்தது. அதற்குள் அச்சில் எழுத்து நிலைத்துவிட்டது. வாய் மாறியது, தாள் மாறவில்லை. ஜி-என் என்று தொடங்கும் சொற்களிலும் இதே கதைதான்.

நைட், அதாவது குதிரை வீரர், என்ற சொல்லுக்கு முதலில் பொருள் சிறுவன், பணியாள். இதே சொல் ஜெர்மனில் 'க்னெஃக்ட்'. அங்கே இன்றும் வேலையாள், பண்ணையாள் என்றுதான் பொருள். இங்கிலாந்தில் அது பட்டமாக உயர்ந்துவிட்டது.

நம் பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. அறிதலைக் குறிக்கும் 'நோ' என்ற சொல்லும் சமஸ்கிருத ஜ்ஞானமும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழில் சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வராது; ஜ் உதிர்ந்து 'ஞானம்' ஆனது. ஆங்கிலேயரின் நாக்கு கே-யை விட்டதும் இதைப் போலத்தான். ஆஜானுபாகு என்கிறோமே, முழங்கால்வரை நீண்ட கைகளை உடையவர் என்று பொருள், அதிலுள்ள 'ஜானு'வும் ஆங்கில முழங்காலும் உறவுதான். தமிழ்ச் சொற்களை ஆங்கிலத்தோடு முடிச்சுப் போடுகிறான் என்று சண்டைக்கு வர வேண்டாம். இவை வடமொழியிலிருந்து நாம் வாங்கியவை என்றுதான் சொல்கிறேன்.

"அப்படியானால் இனிமேல் க்னைஃப் என்றே சொல்லலாமா?" என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டாம். இன்றைய உச்சரிப்பு நைஃப்தான், அதைத்தான் பழக வேண்டும். நான் மொழியியல் படித்தவனும் இல்லை, மெஷின் பராமரிப்பு என் தொழில். ஆனால் எழுத்தை நம்பிப் படித்த பையன் முட்டாள் இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய லண்டனில் அவனைப் பார்த்து யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இப்போது நானும் ஆள் எடுக்கும் நேர்காணலில் உட்காருகிறேன். போன வருடம் ஐடிஐ முடித்த ஒரு பையன் வந்தான். மைக்ரோமீட்டரில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை பிசகாமல் அளந்து காட்டினான். "கம்யூனிகேஷன் போதாது" என்று அவனை அனுப்பிவிட்டார்கள். லேத்தோடு அவன் எந்த மொழியில் பேச வேண்டும்? நான் எதிர்த்துப் பேசினேன், எடுபடவில்லை. இன்னமும் ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கே-யை அடுத்து 'என்' எழுத்து வந்து, அது சொல்லின் தொடக்கமாக இருந்தால், கே-யை விட்டுவிடுங்கள். எழுதும்போது விடாதீர்கள். அந்தக் கே இல்லாவிட்டால் முடிச்சைக் குறிக்கும் நாட் 'இல்லை' என்றாகிவிடும், குதிரை வீரர் இரவாகிவிடுவார். நடுவில் வந்தால் மட்டும் கவனமாக இருங்கள். ஒப்புக்கொள்வதைக் குறிக்கும் 'அக்நாலட்ஜ்' என்ற சொல்லில் அந்தக் க-ஒலி இன்றும் கேட்கிறது. முன்னால் 'அ' இருப்பதால் க் அதோடு ஒட்டிக்கொண்டு பிழைத்துவிட்டது.