சி.ஏ. பாஸ், அப்புறம்? திருப்பூர் ஆடிட்டர் ஒருவரிடம் கேட்டவை

ஃபைனல் ரிசல்ட் வந்து இரண்டு மாதம் கழிந்தால் போதும், எனக்கு ஒரே மாதிரிச் செய்திகள் வரத் தொடங்கிவிடும். வாழ்த்துச் சத்தமெல்லாம் அடங்கியபிறகு வருகிறவை அவை. நான் 2006 ஜனவரியில் தேறினேன். சென்னையில் நான்கு ஆண்டு ஒரு ஆடிட் ஃபர்மில் வேலை, 2010 முதல் திருப்பூரில் சொந்த பிராக்டிஸ். சம்பளம், ஏமாற்றம், வெட்கம், எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்கள் பெயர் வேண்டாம் என்றதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

தாம்பரம்: அக்கா, இரண்டாவது குரூப்புக்கு மட்டும் மூன்று அட்டெம்ப்ட் ஆனது. போன முறைதான் தேறினேன். இன்ஸ்டிட்யூட் நடத்தும் கேம்பஸ் வேலைத் தேர்வில் ஒரு கம்பெனிகூடக் கூப்பிடவில்லை. வெளியே தேடினால் மாதம் 35 ஆயிரம் என்கிறார்கள். என்னோடு பி.காம். முடித்து பேங்க்கில் சேர்ந்தவன் இதைவிட அதிகம் வாங்குகிறான். இதற்கா இத்தனை வருஷம் படித்தேன்?

முதலில் தலைக்கணக்கைப் பார்த்துவிடுவோம் தம்பி. 2024-இல் மே, நவம்பர் இரண்டு ஃபைனலிலும் சேர்த்து ஏறக்குறைய 32 ஆயிரம் பேர் தேறினார்கள். நான் தேறியபோது எங்கள் தெருவில் ஒரு வாரம் அதே பேச்சு. இப்போது அடுக்குமாடிக்கு ஒருவர் இருக்கிறார். 2025 முதல் ஃபைனல் தேர்வே ஆண்டுக்கு மூன்று முறை. ஆகவே கூட்டம் குறையப் போவதில்லை.

இவ்வளவு பேரையும் உட்காரவைத்துப் பேச எந்தக் கம்பெனிக்கும் நேரமில்லை. எத்தனை அட்டெம்ப்ட், ஆர்டிகிள்ஷிப் (படிக்கும்போதே ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி) எங்கே, இந்த இரண்டையும் சல்லடையாக வைத்துச் சலித்துவிடுகிறார்கள். உங்களை யாரும் நிராகரிக்கவில்லை, உங்கள் பேப்பர் மேசைக்கே வரவில்லை. செய்தித்தாளில் வரும் சராசரிச் சம்பளத்தையும் நம்பி நெஞ்சில் அடித்துக் கொள்ளாதீர்கள். அது கேம்பஸில் வேலை கிடைத்தவர்களுடைய சராசரி. கிடைக்காதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சராசரி எடுப்பதில் இந்தத் தப்பைச் செய்தால் நம்மை ஃபெயில் ஆக்கியிருப்பார்கள்.

இனி உங்கள் ரெஸ்யூமே. அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். 'ஸ்டேட்யூட்டரி ஆடிட், டாக்ஸ் ஆடிட், ஜிஎஸ்டி' என்று ஒரு வரி. எல்லோரும் எழுதுவது அதுதான். என்னிடம் வேலை கேட்டு வந்த ஒரு பையன், 'நூற்பாலையில் கழிவுப் பஞ்சு இருப்பு இடித்தது. மூன்று நாள் குடோனில் உட்கார்ந்து எடைச்சீட்டோடு ஒத்துப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தான். அவனுக்கு எத்தனை அட்டெம்ப்ட் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு குடோன் கதை இருக்கும், யோசியுங்கள்.

35 ஆயிரம் குறைவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பார்ட்னரின் பக்கத்திலேயே உட்கார்ந்து ஃபைல் பார்க்கக் கிடைக்கும் நடுத்தர ஆடிட் ஃபர்ம் என்றால், ஒன்றரை வருஷம் என்று நாள் குறித்துக்கொண்டு சேருங்கள். அதே பணத்துக்கு டேலி கணக்கு மென்பொருளில் பில் ஏற்ற வைப்பார்கள் என்றால் வேண்டாம். பேங்க் நண்பரை விடுங்கள். அவர் வேலையில் உங்களைவிட ஐந்து வருஷம் மூத்தவர்.

பெருங்குடி: அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சென்னை மையத்தில் இருக்கிறேன். சம்பளம் நன்றாகவே இருக்கிறது. மாதத்தில் பத்து நாள் இன்டர்கம்பெனி ரெகன்சிலியேஷன் (கம்பெனியின் கிளைகளுக்கு இடையிலான கணக்கை ஒத்துப் பார்ப்பது), மீதி நாள் அதைப் பற்றிய மீட்டிங். பக்கத்து சீட்டில் பி.காம். முடித்த பெண் இதே வேலையைச் செய்கிறாள், என்னைவிட வேகமாக.

வலிப்பது அந்தக் கடைசி இரண்டு வார்த்தைதான், இல்லையா? அவள் நாலு வருஷமாக அதைச் செய்கிறாள், வேகமாகத்தான் செய்வாள். அதில் அவளோடு போட்டி போடாதீர்கள். வித்தியாசம் ஏன் வருகிறது என்று கேட்கத்தான் உங்களுக்குப் பயிற்சி.

எனக்குத் தெரிந்த ஒருத்தி உங்களைப் போலவே புலம்பிக் கொண்டிருந்தாள். அப்புறம் மாதாமாதம் தலைகாட்டும் ஒரே ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு துரத்தினாள். கடைசியில் பார்த்தால், இரண்டு நாட்டுக் கிளைகளும் ஒரே பில்லுக்கு வேறு வேறு தேதியின் டாலர் மதிப்பைப் போட்டுக் கொண்டிருந்தன. அதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதி மேலே அனுப்பினாள். அடுத்த ஆண்டு கணக்கியல் கொள்கை பார்க்கும் குழுவுக்கு அவளை மாற்றிவிட்டார்கள்.

எல்லா மையத்திலும் இது நடக்காது. சிலவற்றில் யோசிக்கிற வேலை கடல் தாண்டி வருவதே இல்லை. உங்கள் மானேஜரிடம் ஒன்று கேளுங்கள்: 'போன மூன்று வருஷத்தில் இந்த டீமிலிருந்து யார், எந்த வேலைக்கு மாறினார்கள்?' அவரால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியவில்லை என்றால் வெளியே தேடத் தொடங்குங்கள். ஆனால் கோபத்தில் ராஜினாமா செய்துவிட்டு பிராக்டிஸுக்கு வராதீர்கள். இங்கே வேறு கோபங்கள் காத்திருக்கின்றன.

நாமக்கல் (ஒரு தந்தை): மகள் சி.ஏ. முடித்து ஐந்து மாதம் ஆகிறது. எங்கும் விண்ணப்பிக்க மாட்டேன் என்கிறாள். அறையை விட்டே வருவதில்லை. பாஸான பிள்ளை ஏன் ஃபெயிலானதுபோல இருக்கிறாள் என்று புரியவில்லை.

ஐயா, என் கதையைச் சொல்கிறேன். ரிசல்ட் வந்த பிறகும் எனக்குக் காலை நாலரை மணிக்கு முழிப்பு வந்துவிடும். விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் படிக்க ஒன்றும் இருக்காது. ஒரு மாதம் அப்படி வெறுமனே உட்கார்ந்திருக்கிறேன். அடுத்து என்ன, எந்தத் தேதிக்கு, எத்தனை மார்க் என்பதையெல்லாம் அதுவரை சி.ஏ. தேர்வு நடத்தும் இன்ஸ்டிட்யூட் சொல்லிக் கொண்டிருந்தது. திடீரென்று யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அப்புறம் முதல் இன்டர்வியூவில் ஒருவர் கொட்டாவி விட்டபடி நம் ரெஸ்யூமேயைப் புரட்டுவார். அது எப்படி இருக்கும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வேலை விளம்பரங்களை அவள் போனுக்கு அனுப்பாதீர்கள். 'எங்க வீட்ல ஆடிட்டர்' என்று சொந்தக்காரர்களிடம் சொல்வதையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஆர்டிகிள்ஷிப் செய்த ஆபீஸுக்கே வாரம் மூன்று நாள் போய்வரச் சொல்லிப் பாருங்கள், தெரிந்த இடம், தெரிந்த முகங்கள். சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

மதுரை: ஆடிட் ஃபர்மில் வேலை. சம்பளம் என்று சொல்லாமல் 'புரொஃபஷனல் ஃபீஸ்' என்று 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) பிடித்துக் கொடுக்கிறார்கள். பி.எஃப். இல்லை. ஆனால் விரல் ரேகை வைத்துத்தான் உள்ளே போக வேண்டும், லீவுக்கும் அனுமதி கேட்க வேண்டும்.

இப்படி நிறைய இடங்களில் நடக்கிறது. ரேகை வைத்து, லீவு கேட்டு, ஒரே இடத்தில் முழுநாள் வேலை செய்தால் அது வேலைதான், பெயர் என்னவாக இருந்தாலும். பெரிய பெரிய கம்பெனிகளிடம் 'உள்ளடக்கத்தைப் பார், வடிவத்தைப் பார்க்காதே' என்று பாடம் எடுக்கிற நாம், நம் ஆபீஸில் இதைச் செய்கிறோம். எனக்கு இதில் வெட்கம் உண்டு.

உங்களுக்குக் கைகொடுக்கும் ஒரு விஷயம் வரி. பழைய சட்டத்தில் 44ஏடிஏ என்று சொல்வோமே, வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் வழி, அது உங்களுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்ததில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, கவனம். ஆனால் வரி மிச்சமாகிறது என்பதற்காக பி.எஃப். போனதை மறக்க வேண்டாம். அதையும் கூட்டிச் சம்பளம் கேளுங்கள்.

ராஜபாளையம்: வயது 36. மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டே எழுதி, பதினோராவது அட்டெம்ப்ட்டில் தேறினேன். புதுசாகத் தேறியவர்களுக்கான வேலைக்கு வயது அதிகம் என்கிறார்கள், மேனேஜர் வேலைக்கு 'தேறிய பிறகு அனுபவம் இல்லை' என்கிறார்கள்.

பத்து வருஷம் மில்லில் பேங்க் லிமிட், ஸ்டாக் ஸ்டேட்மென்ட், மின்கட்டணம், பஞ்சு விலை எல்லாம் பார்த்திருப்பீர்கள். 24 வயதுப் பையனுக்கு அதில் ஒன்றும் தெரியாது. நீங்கள் தேட வேண்டியது பெரிய கம்பெனிகளின் இணைய விண்ணப்பத்தில் இல்லை. அப்பா நடத்தி, மகன் கைக்கு மாறிக் கொண்டிருக்கும் 100 கோடி, 150 கோடி விற்றுமுதல் உள்ள குடும்பக் கம்பெனிகளில். அந்த மகனுக்கு மில்லும் தெரிந்த, பேலன்ஸ் ஷீட்டும் தெரிந்த ஆள் தேவை. இப்போது இருக்கும் மில்லின் ஆடிட்டரிடமே சொல்லி வையுங்கள். எங்களிடம் மாதம் ஒருவராவது 'நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க' என்று கேட்கிறார்கள்.

கரூர்: பிராக்டிஸ் தொடங்கி எட்டு மாதம். ஆறு கிளையண்ட். ரிட்டர்ன் போட 500 ரூபாய் கேட்டால், 'பக்கத்துத் தெரு கன்சல்டன்ட் 300-க்குப் போடுறாரே' என்கிறார்கள். ஆபீஸ் வாடகை அப்பா கொடுக்கிறார். பேசாமல் விட்டுவிடலாமா மேடம்?

எட்டு மாதத்தில் ஆறு பேர் மோசமில்லை. நான் 2010-இல் தொடங்கியபோது ஆபீஸுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு 'சார் எப்ப வருவாருங்க?' என்று கேட்பார்கள். 'நான்தான் ஆடிட்டர்' என்றதும், 'இல்லீங்க, பெரிய ஆடிட்டர்' என்பார்கள். எனக்குக் கிடைத்ததில் பாதி சாயப்பட்டறைகள். 2011 ஜனவரியில் நொய்யல் மாசுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொன்னது. ஒரே வாரத்தில் என் கிளையண்ட் பட்டியல் பாதியானது. அந்த வருஷம் என் ஆபீஸ் வாடகையும் என் அப்பாதான் கொடுத்தார். ஆகவே வெட்கத்தைப் பற்றி என்னிடம் பேச வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். 300 ரூபாய்க்காரரோடு ரிட்டர்னில் மோத முடியாது. அவர் ஃபிளெக்ஸ் வைக்கலாம், நம் தொழில் விதிப்படி நாம் நினைத்தபடி விளம்பரம் செய்ய முடியாது. கையெழுத்தை மட்டும் நம்பியும் உட்கார முடியாது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது கையெழுத்து வேலைகள் கரைந்தன. டாக்ஸ் ஆடிட் கட்டாயமாகும் விற்றுமுதல் வரம்பு 1 கோடியாக இருந்தது. ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 2020-இல் 5 கோடி, 2021-இல் 10 கோடி என்று ஏற்றிவிட்டார்கள். அதே 2021-இல் ஜிஎஸ்டி ஆண்டுக் கணக்குக்கு சி.ஏ. சான்று வேண்டியதில்லை, வியாபாரியே சான்று கொடுத்துக் கொள்ளலாம் என்றார்கள். என் ஆபீஸில் மட்டும் இருபத்தி மூன்று ஃபைல் போனது.

அப்புறம் என்ன வந்தது என்றால், குழப்பம் வந்தது. அதுதான் நம் பிழைப்பு. சிறு, குறு தொழில்களுக்குத் தர வேண்டிய பணத்தை எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் தராவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழிக்கலாம் என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்ததே, 2024 மார்ச்சில் இந்தப் பக்கத்து ஜவுளிக்காரர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. நான் ஒரு காரியம் செய்தேன். என் கிளையண்ட் ஒவ்வொருவருடைய பாக்கிப் பட்டியலையும் எடுத்து, யாருக்கு உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறது, யாருக்கு எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று ஒரே தாளில் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாள் கடை கடையாகச் சுற்றியிருக்கிறது. மே மாதத்துக்குள் ஒன்பது புதுக் கிளையண்ட். ஒருவர்கூட ரிட்டர்ன் ஃபீஸ் எவ்வளவு என்று முதலில் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் பஸ் பாடி கட்டுகிறார்கள், கொசுவலை நெய்கிறார்கள், வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்கிறார்கள். ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் பணம் எங்கே மாட்டுகிறது என்று ஆறு மாதம் பாருங்கள். முதலாளியைப் பிடிப்பதற்கு முன்னால் அங்கே கணக்கு எழுதுகிறவரிடம் நல்ல பெயர் எடுங்கள். ஆடிட்டரை மாற்றுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் அவர் வாயில்தான் இருக்கிறது. ஃபீஸை வாங்கிவிட்டு அப்லோடு செய்யுங்கள், தீபாவளிக்குத் தருகிறேன் என்பவர் எந்தத் தீபாவளி என்று சொல்வதில்லை. பார்க்காத கணக்குக்குக் கையெழுத்துக் கேட்டு யாராவது நல்ல தொகை சொல்வார்கள், இந்த எட்டாம் ஒன்பதாம் மாதத்தில்தான் சரியாக வருவார்கள். யூடிஐஎன் என்ற ஆவண அடையாள எண் வந்த பிறகு ஒவ்வொரு கையெழுத்துக்கும் எண் உண்டு, தேதி உண்டு. போடாதீர்கள்.

இன்னொரு வருஷம் அப்பாவால் தாங்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். முடியும் என்றால் தொடருங்கள்.

திருச்சி: துபாய் போகலாமா?

அங்கே 2018-இல் வாட் வந்தது, 2023 ஜூன் முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு 9 சதவீதக் கம்பெனி வரியும் வந்தது. அதனால் வரி தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கிறது. இங்கே இரண்டு மூன்று வருஷ அனுபவத்தோடு போங்கள். கையில் ஒன்றுமில்லாமல் விசிட் விசாவில் போய் ஒரு அறையில் ஆறு பேரோடு தங்கித் தேடுவதை நான் சொல்ல மாட்டேன்.

கோயம்புத்தூர்: சி.ஏ. மட்டும் போதவில்லை என்று தோன்றுகிறது. அமெரிக்க சி.பி.ஏ. சேர்த்துப் படிக்கலாமா?

அமெரிக்கக் கிளையண்ட் வேலையில் இருந்தால் படியுங்கள். இல்லையென்றால், இன்னும் இரண்டு வருஷம் யாரும் 'என்ன பண்றே?' என்று கேட்கக் கூடாது என்பதற்காகவா படிக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாடம் எடுக்கும் ஆசை உண்டு என்றும் எழுதியிருக்கிறீர்கள். சி.ஏ.வை முதுகலைக்கு இணையாக யுஜிசி 2021-இல் ஏற்றுக்கொண்டது, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம். எனக்கு அது உங்களுக்குப் பொருந்தும் என்று படுகிறது.

ஈரோடு: கடைசியாக ஒன்று அக்கா. மறுபடி 18 வயது என்றால் சி.ஏ. சேருவீர்களா?

சேருவேன். ஆனால் ஆர்டிகிள்ஷிப்பை வீட்டுக்குப் பக்கத்தில் சேர்ந்திருக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் மூன்று வருஷம் வவுச்சர் டிக் அடித்தேன், பரீட்சைக்கு லீவு தாராளமாகக் கிடைக்கும் என்று. சென்னையில் முதல் வாரமே ஒரு மேனேஜர் கன்சாலிடேஷன் ஃபைலை (ஒரு குழுமத்தின் கம்பெனிக் கணக்குகளை ஒன்றாகச் சேர்ப்பது) நீட்டினார். புத்தகத்தில் 16 மார்க்குக்குப் போட்ட கணக்கு, நேரில் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அதை ஈடுகட்ட எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. 2023-இல் புதுத் திட்டம் வந்து ஆர்டிகிள்ஷிப்பை இரண்டு வருஷமாகக் குறைத்துவிட்டார்கள். படிப்பவர்களுக்குச் சந்தோஷம், எனக்கு இல்லை. உங்கள் தம்பி சி.ஏ. இன்டர் முடித்திருக்கிறான் என்றீர்களே, எந்த ஆபீஸில் லீவு அதிகம் என்று விசாரிக்கிறானாம். அவனை என்னிடம் ஒருமுறை பேசச் சொல்லுங்கள்.