திவால் மனு போட வக்கீல் கட்டணத்தை எங்கிருந்து புரட்டுவது?

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் வசிக்கிறீர்கள். கிரெடிட் கார்டு கடனும் மருத்துவமனை பில்லும் கழுத்தை நெரிக்கின்றன. சாப்டர் 7 திவால் மனு, அதாவது இதுபோன்ற கடன்களை ரத்து செய்யக் கேட்கும் மனு, போடுவது என்று முடிவுக்கு வந்துவிட்டீர்கள். வக்கீல் 1,800 டாலரை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார். ‘அவ்வளவு பணம் கையில் இருந்தால் நான் ஏன் திவால் மனு போடப் போகிறேன்?’ என்கிறீர்கள்.

நியாயமான கோபம்தான். கணவரின் சிறு தொழில் படுத்துப்போன பிறகு எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான் ஓடியது. நாங்களும் சாப்டர் 7 வழியாகத்தான் வெளியே வந்தோம். நான் வக்கீல் அல்ல. அந்தக் காலத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். மாநிலத்துக்கு மாநிலம், நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் நடைமுறை மாறும். உங்கள் வக்கீலிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் கேட்பது பேராசையால் அல்ல. நீங்கள் மனு போடும் நாளில் வக்கீலுக்குப் பாக்கி வைத்திருந்தால், அந்தப் பாக்கியும் உங்கள் கடன்களில் ஒன்றாகிவிடும். கார்டு கடனைப் போலவே அதுவும் ரத்தாகும். அவர் உங்களிடம் வசூலிக்க முடியாது. சாப்டர் 7 வழக்கில் கடனாளியின் சொத்தைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி திரட்டும் சொத்திலிருந்தும் கடனாளியின் வக்கீலுக்குப் பணம் எடுத்துக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆக, முதலிலேயே வாங்கினால்தான் அவருக்குக் காசு. சில வக்கீல்கள் வேலையை இரண்டாகப் பிரித்து, மனுவுக்கு முன் ஒரு ஒப்பந்தம், பின் ஒரு ஒப்பந்தம் என்று போட்டு, இரண்டாவதற்கான தொகையைத் தவணையில் வாங்குகிறார்கள். இதைச் சில நீதிமன்றங்கள் ஏற்கின்றன, சில ஏற்பதில்லை. ஏற்கும் இடத்திலும் மொத்தத் தொகை கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்? பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கெனவே மாதாமாதம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, கார்டுகளின் குறைந்தபட்சத் தொகையாக. வக்கீல் உங்கள் கணக்கு வழக்கைப் பார்த்து, நீங்கள் மனு போடத் தகுதியானவர் என்று சொன்ன பிறகு, ரத்தாகப்போகிற கடனுக்கு மேலும் பணம் கட்டுவதில் பொருளே இல்லை. கார்டுகளுக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு அதே தொகையை வக்கீலிடம் தவணையாகக் கட்டுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். வாடிக்கையாளர் பணத்துக்கென்று தனியாக உள்ள கணக்கில் அதைச் சேர்த்து வைத்து, முழுத்தொகை சேர்ந்ததும் மனு போடுவார்கள். எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. வாடகை, வீட்டுக் கடன், கையில் வைத்துக்கொள்ள விரும்பும் காரின் கடன் ஆகியவற்றை மட்டும் நிறுத்தாதீர்கள்.

நம்மவர்களுக்கு இந்த இடத்தில்தான் மனம் ஒப்பாது. கட்டாமல் விட்டால் மானம் போய்விடும் என்று, தோற்றுப்போன கடனுக்குக் கடைசி டாலர் வரை கட்டிக்கொண்டிருப்பார்கள். இன்னும் மோசமாக, 401(கே) கணக்கை உடைத்துக் கார்டுக்குக் கட்டுவார்கள். அந்த ஓய்வுக்காலப் பணத்தைத் திவால் சட்டம் பாதுகாக்கிறது. கடன் கொடுத்தவர்களின் கை அதில் படாது. 59½ வயதுக்கு முன் எடுத்தால் பொதுவாக வருமான வரியும் அதற்கு மேல் 10 சதவீத அபராதமும் விழும். யாரும் பறிக்க முடியாத பணத்தை நாமே எடுத்துப் பறிகொடுக்கும் இந்தக் காரியத்தை நான் எத்தனையோ குடும்பங்களில் பார்த்துவிட்டேன்.

தவணை கட்டும் மாதங்களில் தொலைபேசி ஓயாது. வசூல் ஏஜென்சி அழைத்தால் உங்கள் வக்கீலின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். வக்கீல் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு அவர்கள் உங்களை நேரடியாகத் தொடர்புகொள்ளக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். கார்டு கொடுத்த வங்கியே அழைத்தால் அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது, ஆனாலும் பெரும்பாலும் குறித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணத்தைத் தேடும் அவசரத்தில்தான் ஆட்கள் இவற்றில் விழுகிறார்கள். வக்கீல் கட்டணத்தைக் கார்டில் தேய்க்காதீர்கள். அதற்காகக் கடன் வாங்கு என்று வாடிக்கையாளருக்கு யோசனை சொல்வதையே சட்டம் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கிறது. 2010இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தடையை உறுதி செய்தது. கார்டிலிருந்து ரொக்கம் எடுப்பதும் ஆபத்து. மனுவுக்கு முந்தைய 70 நாட்களுக்குள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடுத்திருந்தால், திருப்பிக் கட்டும் எண்ணமில்லாமல் எடுத்தீர்கள் என்று சட்டம் ஊகித்துக்கொள்ளும், அந்தக் கடன் ரத்தாகாமல் போகலாம். மச்சானிடம் வாங்கிய கடனை மட்டும் முதலில் அடைத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். மனுவுக்கு முந்தைய ஓராண்டில் நெருங்கிய உறவினருக்குக் கட்டிய கடனை டிரஸ்டி அவரிடமிருந்தே திரும்ப வாங்க முடியும். உங்களால் அவருக்கும் தலைவலி.

உறவினர் உதவ முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. கடனாக வேண்டாம், அன்பளிப்பாகக் கொடுக்கச் சொல்லுங்கள். கடன் என்றால் அவர் பெயரும் பட்டியலில் ஏறி, அவர் கடனும் மற்றவற்றோடு சேர்ந்து போகும். நேராக வக்கீல் அலுவலகத்துக்கே அவர் கட்டிவிடுவது சுலபம். பணம் யாரிடமிருந்து வந்தது என்பதை வக்கீல் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஆகவே ஒளிக்கவும் முடியாது, ஒளிக்கத் தேவையும் இல்லை. நகையை விற்றுக் கட்டணம் கட்டுவதாக இருந்தால் முதலில் வக்கீலிடம் சொல்லிவிட்டு, சந்தை விலைக்கு விற்று, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தெரிந்தவருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால் டிரஸ்டி அதைத் தோண்டுவார்.

இந்தியாவில் சொத்து இருக்கிறதா? சொல்லியே ஆக வேண்டும். சொத்து எந்த நாட்டில் இருந்தாலும் அமெரிக்கத் திவால் சட்டத்தின் கணக்கில் வரும். அப்பா பெயரிலிருந்து இன்னும் பிரியாத நிலத்தில் உங்கள் பங்கு, ஊரில் உள்ள வங்கி வைப்பு, எல்ஐசி பாலிசி எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே வக்கீலிடம் கொட்டிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் கடன் ரத்தாகாது என்பதோடு நிற்காது. அது குற்றவியல் வழக்கு வரை போகக்கூடிய விஷயம். குடியுரிமை இல்லையே என்று தயங்க வேண்டாம், மனு போட அது தேவையில்லை.

காலமும் ஒரு கணக்குதான். வருமான வரித் திரும்பத்தொகை வரும் நேரத்தை ஒட்டிப் பலர் மனு போடுகிறார்கள். வருவதற்கு முன் மனு போட்டால் அந்தத் தொகை டிரஸ்டியின் கைக்குப் போக வாய்ப்புண்டு. கைக்கு வந்து, அதில் நியாயமான வக்கீல் கட்டணத்தைக் கட்டிவிட்டு மனு போட்டால் அது முறையான செலவு.

வக்கீல் கட்டணம் தவிர நீதிமன்றக் கட்டணம் சாப்டர் 7க்கு 338 டாலர். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் நான்கு தவணை வரை கேட்டு விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 120 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஆனால் அந்தத் தவணைகள் முடியும்வரை வக்கீலுக்கு மேற்கொண்டு பணம் கொடுக்கக் கூடாது. குடும்ப வருமானம் கூட்டாட்சி வறுமைக் கோட்டின் 150 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், முழு விலக்கே கேட்கலாம். 2025 கணக்குப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 48,225 டாலர். மனுவுக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு கட்டாய வகுப்புகள் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் அவற்றுக்கும் கட்டண விலக்கு கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் தானாகக் கொடுக்க மாட்டார்கள்.

வருமானம் உண்மையிலேயே குறைவு என்றால் காசு கொடுக்கும் பேச்சுக்கு முன் இலவச வழிகளைப் பாருங்கள். கூட்டாட்சி நிதி பெறும் சட்ட உதவி அலுவலகங்கள் பொதுவாக வறுமைக் கோட்டின் 125 சதவீதம் வரை உள்ளவர்களை எடுத்துக்கொள்கின்றன. சட்டக் கல்லூரிகள் சில இலவச மையங்கள் நடத்துகின்றன. வழக்கறிஞர் சங்கத்தில் கேட்டால் கட்டணமின்றி வழக்கெடுப்பவர்களின் பட்டியல் கிடைக்கும். அப்சால்வ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு எளிய சாப்டர் 7 மனுக்களை இணையத்திலேயே இலவசமாகத் தயாரிக்க உதவுகிறது. வீடோ தொழிலோ இந்தியச் சொத்தோ இல்லாமல் வெறும் கார்டு கடனும் மருத்துவக் கடனும் என்றால் அது போதலாம். பணம் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஆட்களை நான் நம்ப மாட்டேன். அவர்கள் வக்கீல்கள் அல்ல. எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற சட்ட யோசனையைச் சொல்ல அவர்களுக்கு அனுமதியும் இல்லை.

‘முன்பணமே வேண்டாம், சாப்டர் 13 போடலாம்’ என்று ஒரு விளம்பரம் கண்ணில் படும். சாப்டர் 13 என்பது கடனை மாதத் தவணைத் திட்டத்தில் கட்டும் திவால் வகை. வக்கீல் கட்டணத்தையும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே சேர்த்துக் கட்டலாம் என்பது உண்மை. ஆனால் திட்டம் 3 முதல் 5 ஆண்டு ஓடும், வக்கீல் கட்டணமும் சாப்டர் 7ஐவிடப் பொதுவாக அதிகம். நடுவில் வேலை போய் தவணை தவறினால் வழக்கு தள்ளுபடியாகி, பழைய கடன்கள் மறுபடி தலைதூக்கும். வீட்டை ஏலத்திலிருந்து காக்கவோ, வருமானம் சாப்டர் 7க்கு மீறியதாலோ அங்கே போகிறவர்கள் போகட்டும். கையில் முன்பணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் போவது, என் பார்வையில், ஆயிரம் டாலரை மிச்சம் பிடிக்க ஐந்து வருடத்தை அடகு வைப்பது. அதற்கு நான்கு மாதம் பொறுத்துச் சேர்ப்பது மேல்.

வக்கீல்கள் பலர் முதல் சந்திப்புக்குக் காசு வாங்குவதில்லை. இரண்டு மூன்று பேரைப் பாருங்கள். கேட்கும் தொகைக்குள் டிரஸ்டியோடு நடக்கும் விசாரணைக்கு உடன் வருவது அடங்குமா, படிவத்தைத் திருத்த நேர்ந்தால் தனிக் கட்டணமா, நீதிமன்றக் கட்டணம் இதில் சேர்ந்ததா என்று எழுத்தில் வாங்குங்கள். கடைசி 60 நாள் சம்பளச் சீட்டுகள், வரித் தாக்கல், வங்கிக் கணக்குப் பட்டியல் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி எடுத்துப் போனால் அவர்களுக்கு வேலை குறையும். பேரம் பேச உங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

தவணை கட்டி முடிப்பதற்குள் கார்டு நிறுவனம் வழக்கு தொடர்ந்து சம்மன் வந்தால், அதைப் பெட்டியில் போட்டு வைக்காமல் அன்றைக்கே வக்கீலுக்கு அனுப்புங்கள். பதில் போடாமல் தீர்ப்பாகிவிட்டால் பல மாநிலங்களில் கைக்கு வரும் சம்பளத்தில் 25 சதவீதம் வரை பிடிக்க முடியும். அந்த நிலையில் மீதித் தவணைக்குக் காத்திருப்பதா, இருக்கும் பணத்தில் உடனே மனு போடுவதா என்பதை அவர்தான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.