வலைக்கு ஈயக்குண்டு வார்க்கலாமா? புகையைவிடப் பொடிதான் ஆபத்து

கேள்வி: வணக்கம்ங்க. பவானி ஆற்றோரம் எங்கள் ஊர். அப்பாரு விட்டுப்போன வீச்சு வலைக்குப் புதிதாக ஈயக்குண்டு கட்ட வேண்டும். நாலு கிலோ பிடிக்கும். சாளையில் மூன்று பழைய பேட்டரி கிடக்கிறது. அதை உடைத்து, விறகடுப்பில் உருக்கி, பழைய பணியாரக்கல்லில் ஊற்றலாம் என்று இருக்கிறேன். யூடியூபிலும் வீட்டில் வைத்தே வார்க்கிறார்கள். அப்பாருவும் அப்படித்தான் வார்த்தார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று வயதுக் குழந்தை இருக்கிற வீடு, வேண்டாம் என்கிறாள் மனைவி. என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. ஆனால் உங்கள் வேலையும் நடக்க வேண்டும் அல்லவா, அதற்கு வழி இருக்கிறது.

முதலில் பேட்டரி. அதைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே இருப்பதெல்லாம் உலோக ஈயம் என்று நினைக்கிறோம். உலோகம் என்பது கம்பிச்சட்டமும் முனைகளும்தான். மீதியில் பெரும்பகுதி ஈய ஆக்ஸைடும் ஈய சல்பேட்டும் கலந்த பசை, கந்தக அமிலத்தில் ஊறியது. காய்ந்தால் மாவு போலப் பறக்கும். அந்தக் கம்பிச்சட்டத்தில் ஆன்டிமனி, ஆர்சனிக், கால்சியம் என்று ஏதாவது கலந்திருக்கும். அதை உருக்கும்போது மேலே மிதக்கிற கசடில் ஈரம் பட்டால் ஆர்சின் என்ற கொடிய வாயு கிளம்பக்கூடும். செனகல் நாட்டில் தாக்கர் நகரின் ஓரத்தில் ஒரு குடியிருப்பில் வீட்டு வாசலிலேயே பேட்டரி ஈயம் பிரித்து வந்தார்கள். 2007 நவம்பரில் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் 18 குழந்தைகள் செத்துப்போயின. உங்கள் மூன்று பேட்டரியையும் அப்படியே பேட்டரிக் கடையில் கொடுத்துவிடுங்கள். திரும்ப வாங்கிக்கொள்வார்கள், காசும் கிடைக்கும்.

அந்த யூடியூப் வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல, அமெரிக்காவில் துப்பாக்கித் தோட்டா வார்ப்பவர்களுடையது. அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்தால் 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். அவர்கள் ஊற்றும் முறையில் நமக்கு உதவுவது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால், உருக்கவே வேண்டாம் என்பேன். காரீயத் தகடு வாங்கி, தகரம் வெட்டும் கத்தரியால் பட்டை பட்டையாக நறுக்கி, வலையின் அடிக்கயிற்றில் சுற்றி, சுத்தியலால் லேசாகத் தட்டினால் முடிந்தது. ஈயம் அவ்வளவு மென்மையானது. நெருப்பு இல்லை, புகை இல்லை. கை மட்டும் கறுக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வலைக் கடையில் வார்த்த குண்டாகவே வாங்குவதும் நல்லதுதான். கேட்கும்போது காரீயம் என்று கேளுங்கள். நம் பேச்சில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈயம், வலைக்குண்டும் ஈயம். சொம்பு வெள்ளீயம், இது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம்.

இல்லை, வார்த்தே தீருவேன் என்றால் சொல்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு வார்ப்பட்டறையில் வேலை கற்றவன் நான். அங்கே ஒருநாள் மழைத் தூறல். வெளியே கிடந்த ஈயப் பாளத்தை ஒரு பையன் அப்படியே ஈயம் உருகிக்கிடந்த கலத்துக்குள் தள்ளினான். அதன் மடிப்பில் ஒரு ஸ்பூன் தண்ணீர் இருந்திருக்கும். தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். கலத்தில் இருந்ததில் பாதி கூரையில் ஒட்டிக்கொண்டது. பையன் தலையைத் திருப்பியிருந்ததால் கண் பிழைத்தது. காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் என்று சொல்வோமே, அவனுக்கு அது உவமை இல்லை. அதனால் உருகிய ஈயத்துக்குள் போகிற எதுவும், கட்டியோ கரண்டியோ, முதலில் அடுப்பு விளிம்பில் வைத்துச் சூடு காட்டப்பட்டிருக்க வேண்டும். அச்சும் அப்படித்தான். வண்டல் மண்ணில் குழி பண்ணி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே ஈரம் இருக்கும்.

விறகடுப்பு வேண்டாம், சூட்டை அடக்க முடியாது. ஈயம் 327 டிகிரியில் உருகும், வார்க்க 350 முதல் 400 போதும். 500 தாண்டினால்தான் ஈயப்புகை மோசமாகக் கிளம்பும். போசியின் அடி சிவந்தால் எல்லை தாண்டிவிட்டீர்கள். கேஸ் அடுப்பைத் திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகில் படுகிற மாதிரி வையுங்கள். வீட்டுக்கும் கட்டுத்தறிக்கும் கிணற்றுக்கும் தள்ளி இருக்கட்டும். காய்ந்த குச்சியை ஈயத்தில் தொட்டதும் கறுத்தால் பதம் சரி. பாத்திரம் கனமான இரும்பாக இருக்க வேண்டும். நாலு கிலோ ஈயம் இரண்டு டம்ளர் அளவுகூட வராது, ஆனால் அதைத் தூக்கும்போது கைப்பிடி உறுதி தெரியும். அலுமினியப் போசியும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகவே ஆகாது. துத்தநாகம் ஈயத்தில் கலந்தால் கஞ்சி மாதிரி ஆகி அச்சில் இறங்காது.

பணியாரக்கல் பாளம் போட்டு வைக்க மட்டும் உதவும். ஒரு குழிக்குக் கால் கிலோ பக்கம் பிடிக்கும், அதை வலையில் கட்டினால் வலை ஆற்றோடு போய்விடும். லேத் பட்டறையில் இரண்டு துண்டு இரும்பு அச்சு கடைந்து வாங்குங்கள். நடுவில் ஓட்டைக்கு ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பி. கம்பியிலும் அச்சிலும் சிம்னி விளக்குக் கரி பிடிக்க வைத்தால் ஈயம் ஒட்டாது.

ஊற்றும்போது கை நிற்கக் கூடாது. ஒரே ஓட்டத்தில் நிரப்பி, வாயின் மேல் கொஞ்சம் குவிந்து நிற்கும்படி விடுங்கள். ஈயம் ஆறும்போது சுருங்கும், அந்தக் குவியலிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ளும். குண்டு சுருக்கம் விழுந்து வந்தால் சூடு போதவில்லை. பனி படிந்த மாதிரி வெளுத்து வந்தால் சூடு அதிகம். தோட்டா வார்ப்பவர்கள் அடியில் குழாய் வைத்த கலம் வைத்திருப்பார்கள். கசடு மேலேயே நிற்க, சுத்தமான ஈயம் கீழே இறங்கும். நாலு கிலோவுக்கு அது எதற்கு? கரண்டியால் கசடை ஒதுக்கிவிட்டு மொண்டு ஊற்றினால் போதும். கண்ணாடி, தோல் கையுறை, முழுக்கைச் சட்டை, ஷூ எல்லாம் வேண்டும். ஷூவுக்கு மேல் பேண்ட் தொங்கட்டும்.

இப்போது குழந்தை விஷயம். எல்லோரும் புகைக்குப் பயப்படுகிறார்கள். வீட்டில் வார்க்கிற அளவுக்கு, வில்லன் மேலே மிதக்கிற அந்தச் சாம்பல் நிறக் கசடுதான். அது பொடியாகி, கையில், சட்டையில், செருப்பில் வீட்டுக்குள் வருகிறது. குழந்தை தரையைத் தொட்டு விரலை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால், குழந்தை உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும். அது மூளையைத்தான் கெடுக்கும், வெளியே எதுவும் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாருவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். யாரும் அவர் ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்க்கவில்லை. ஈயம் எலும்பில் போய் உட்கார்ந்து பத்து, இருபது வருடம் இருக்கும்.

ஆகவே கசடை மூடி போட்ட டப்பாவில் போட்டு, பேட்டரி கொடுத்த இடத்திலேயே கொடுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால் கோழி கிளறும், மாடு நக்கும். ஈயம் நக்கிச் செத்த மாடுகள் உண்டு. இடத்தைச் சீமாறால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். துணி மாஸ்க் பொடிக்கு உதவாது, என்95 போடுங்கள். பீடி, வெற்றிலை, டீ எதுவும் கை கழுவும்வரை கூடாது. சட்டையை வெளியிலேயே கழற்றித் தனியாகத் துவையுங்கள். நீங்களே துவையுங்கள், குறிப்பாக மனைவி கர்ப்பமாக இருந்தால். பட்டறையில் எங்களுக்கு வெல்லம் கொடுப்பார்கள், தூசியை வெளியேற்றும் என்று. ருசியாக இருந்தது, வேறொன்றும் இல்லை. குழந்தையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

கடைசியாக அந்தப் பணியாரக்கல். ஒருமுறை ஈயம் பட்டால் எவ்வளவு தேய்த்தாலும் அது சமையலுக்கு ஆகாது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு குழியிலும் டிரில் போட்டு ஓட்டை பண்ணிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து யாராவது பரணிலிருந்து இறக்கி, நல்ல பழைய இரும்புக்கல் என்று ஆடிப்பெருக்குக்குப் பணியாரம் சுடுவார்கள்.