முதல் ஓட்டு: கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

கேள்வி: எனக்கு வயது 22. வரப்போகிற மக்களவைத் தேர்தலில்தான் முதல்முறையாக ஓட்டுப் போடப்போகிறேன். அப்பா காலங்காலமாக ஒரே கட்சிக்குத்தான் போடுகிறார், என்னையும் அதற்கே போடச் சொல்கிறார். எங்கள் எம்.பி. ஜெயித்த பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை. தெருவில் குடிநீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. எனக்குப் பிடித்த வேட்பாளர் ஒரு சின்னக் கட்சிக்காரர். அவருக்குப் போட்டால் ஓட்டு வீண் என்கிறார்கள். தோழிகள் நோட்டாவுக்குப் போடலாம் என்கிறார்கள். கடைசி நேரத்தில் வீட்டுக்குப் பணமும் வரும். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: குடிநீரிலிருந்தே தொடங்குகிறேன். தேர்தல் பணிக்காகப் பல ஊர்களுக்குப் போயிருக்கிறேன். மக்களவைத் தேர்தலிலும் ஜனங்கள் பேசுவது குழாய், சாக்கடை, தெருவிளக்கு பற்றித்தான். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் உங்கள் தெருக் குழாய்க்கு முதல் பொறுப்பு ஊராட்சியோ நகராட்சியோதான், அதற்கு மேலே மாநில அரசு. அதை மனதில் வைத்து எம்.பி.யைத் தேர்ந்தெடுத்தால் தவறான ஆளிடம் கணக்குக் கேட்பதாகிவிடும்.

எம்.பி.க்குத் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் 6 சட்டமன்றத் தொகுதிகள் அடங்கும். வகுத்துப் பாருங்கள், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஆண்டுக்கு 83 லட்சம் ரூபாய்தான் வருகிறது. அதிலும் எம்.பி. பரிந்துரைதான் செய்ய முடியும். பணத்தை விடுவித்து வேலையை முடிப்பது மாவட்ட நிர்வாகம். எங்கள் ஊருக்கு நிழற்குடை கட்டினார், கட்டவில்லை என்பதை மட்டும் வைத்து ஒரு எம்.பி.யை எடை போடாதீர்கள்.

அப்படியென்றால் எம்.பி. எதற்கு? சட்டம் இயற்றுவதற்கு, மத்திய அரசின் வரவு செலவை ஒப்புவதற்கு, அமைச்சர்களைக் கேள்வி கேட்பதற்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் பிரதமராக இருப்பது என்பதைத் தீர்மானிப்பதற்கு. 1999 ஏப்ரலில் மக்களவையில் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் வாஜ்பாய் அரசு 269-க்கு 270 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அன்றைக்கு ஒவ்வொரு எம்.பி.யின் கையிலும் ஓர் அரசு இருந்தது.

அதனால் முதலில் ஒரு தாளை எடுத்து, மத்திய அரசு கையில் இருக்கிற விஷயங்களில் உங்களுக்கு முக்கியமான மூன்றை எழுதுங்கள். ரயில், வங்கிக் கடன், வருமான வரி, பெட்ரோல் மீதான மத்திய வரி, வெளியுறவு, கடலுக்குப் போகிற மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்துப்போகும் பிரச்சினை எல்லாம் தில்லிக்குப் போகிறவை. காவல்துறை, மருத்துவமனை, உள்ளூர்ச் சாலை போன்றவை பெரும்பாலும் மாநிலத்தைச் சேர்ந்தவை. கல்வி மட்டும் நடுவில் நிற்கிறது. அது 1976-இல் அரசியல் சாசனத்தின் 42-ஆவது திருத்தத்தின் மூலம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போய்விட்டது, நீட் சண்டை தில்லியிலும் சென்னையிலும் நடப்பதற்குக் காரணம் அதுதான். பத்து விஷயம் எழுதினால் முடிவே எடுக்க முடியாது. மூன்று போதும்.

இப்போது கட்சியா ஆளா என்ற கேள்விக்கு வருகிறேன். மக்களவைத் தேர்தலில் முதலில் பார்க்க வேண்டியது கட்சியை என்பது என் கருத்து. “நல்ல மனுஷர், எந்தக் கட்சியாக இருந்தால் என்ன” என்பது கேட்க நன்றாக இருக்கும், நடைமுறைக்கு ஒத்துவராது. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடா உத்தரவை, அதாவது எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தன் எம்.பி.க்களுக்குப் போடுகிற உத்தரவை, மீறி அவையில் ஓட்டுப் போட்டால் எம்.பி. பதவியே பறிபோகலாம். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் தாளில் இருக்கிற மூன்று விஷயத்திலும் அவர் கை தூக்கப்போவது கட்சி சொல்கிறபடிதான். ஆகவே அந்த மூன்றிலும் ஒவ்வொரு கட்சியும் என்ன சொல்கிறது, போன ஐந்து ஆண்டுகளில் உண்மையில் என்ன செய்தது என்று பாருங்கள்.

தேர்தல் அறிக்கையை முழுவதும் படிக்க வேண்டாம். உங்களுடைய மூன்று விஷயம் வருகிற பக்கங்களை மட்டும் படியுங்கள். வாக்குறுதியோடு பணம் எங்கிருந்து வரும் என்றும் சொல்லியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில், வாக்குறுதிக்கான நியாயத்தையும் நிதி வழியையும் தேர்தல் அறிக்கையில் காட்ட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் சேர்த்திருக்கிறது. பல கட்சிகள் அதை ஒரு வரியில் கடந்துபோய்விடுகின்றன. அந்த ஒரு வரியே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

ஆளைப் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பார்க்க வேண்டும், ஆனால் இரண்டாவதாக, தடுப்பதற்காக. கட்சி பிடித்திருந்தும் அது நிறுத்தியிருக்கிற ஆளை ஏற்க முடியாது என்றால் வேறு பக்கம் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு உதவுவது வேட்பாளர் தாக்கல் செய்கிற பிரமாணப் பத்திரம், அதாவது படிவம் 26. 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு வேட்பாளருடையதும் இருக்கும். அதையே சுருக்கி ‘மைநேதா’ தளத்திலும் போடுவார்கள். பெரும்பாலோர் இதில் வழக்கு எத்தனை, சொத்து எவ்வளவு என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைவிட ஆழமாகப் படிக்கலாம்.

வழக்கில் எண்ணிக்கையை விட பிரிவு முக்கியம். ஒருவர் மேல் 12 வழக்கு இருக்கலாம், எல்லாமே தடையை மீறி ஊர்வலம் போனதற்காக. இன்னொருவர் மேல் ஒன்றே ஒன்று இருக்கலாம், அது கொலை முயற்சி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 143, 188 என்றால் சட்டவிரோதமாகக் கூடியது, அதிகாரியின் உத்தரவை மீறியது. 307 கொலை முயற்சி, 420 மோசடி. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் எண்கள் மாறியிருக்கின்றன. கொலை முயற்சி இப்போது 109, மோசடி 318. வழக்கு எந்த ஆண்டு போட்டது, நீதிமன்றம் குற்றச்சாட்டு பதிவு செய்ததா என்பதும் படிவத்திலேயே இருக்கும். வழக்கு உள்ள ஒருவரை நிறுத்தினால், வழக்கில்லாத வேறு ஆளை ஏன் நிறுத்தவில்லை என்ற காரணத்தைக் கட்சி வெளியிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜெயிக்கிற வாய்ப்பை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடாது என்றும் சொன்னது. அந்தக் காரணத்தைத் தேடிப் படியுங்கள்.

சொத்திலும் மொத்தத் தொகை ஏமாற்றும். பரம்பரை நிலத்தின் சந்தை விலை ஏறினாலே கோடிகள் கூடிவிடும். நிலம் தானே வாங்கியதா, பரம்பரையா, எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கியது என்றெல்லாம் படிவத்தில் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். ஏற்கனவே போட்டியிட்டவர் என்றால் பழைய பிரமாணப் பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து, பதவியில் இருந்த ஆண்டுகளில் புதிதாக என்னென்ன வந்தது, அதே படிவத்தில் காட்டியிருக்கிற ஐந்து ஆண்டு வருமானம் அதற்கு ஈடாகிறதா என்று பாருங்கள். அரை மணி நேர வேலை. அடுத்த ஐந்து வருடத்துக்கு அது பெரிய நேரம் இல்லை.

இப்போதைய எம்.பி. மறுபடி நிற்கிறார் என்றால் அவருடைய வருகைப்பதிவு, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள் ஆகியவற்றை, நாடாளுமன்ற விவரங்களைத் தொகுக்கிற ‘பி.ஆர்.எஸ்.’ தளத்தில் பார்க்கலாம். அமைச்சர்கள் வருகைப்பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதில்லை, அதனால் அவர்களை இதில் அளக்க முடியாது. மசோதாக்களை ஆராய்கிற நாடாளுமன்ற நிலைக்குழுவில் உழைக்கிறவர்களின் உழைப்பும் இந்த எண்களில் தெரியாது. 400 கேள்வி கேட்டார் என்று போஸ்டர் ஒட்டினால் அசந்துவிடாதீர்கள், நாலைந்து கேள்விகளைத் திறந்து படியுங்கள். உங்கள் தொகுதிக்கோ உங்கள் மூன்று விஷயத்துக்கோ சம்பந்தம் இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். பெரும்பாலான மசோதாக்கள் ‘ஆம்’, ‘இல்லை’ என்று குரல் கொடுக்கிற குரல் வாக்கெடுப்பில் நிறைவேறுவதால், யார் எந்தப் பக்கம் நின்றார் என்பதற்குப் பல நேரங்களில் பதிவே இருக்காது. மசோதா மீது அவர் பேசிய பேச்சுதான் மிச்சம். அது நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கும்.

சரி, சின்னக் கட்சி வேட்பாளர். ஓட்டு வீணா?

உங்கள் தொகுதியில் போட்டி எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பொறுத்தது அது. 2019-இல் திண்டுக்கல்லில் வெற்றி வித்தியாசம் 5 லட்சத்தைத் தாண்டியது. அதே தேர்தலில் சிதம்பரத்தில் 3,219 ஓட்டுதான். 2024-இல் விருதுநகரில் 4,379. மும்பை வடமேற்கில் வெறும் 48. உங்கள் தொகுதியின் கடந்த இரண்டு மூன்று தேர்தல் முடிவுகளை எடுத்துப் பாருங்கள். படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது, அதில் உங்கள் வாக்குச்சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்பது வரை இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் கிடைக்கும்.

யார் ஜெயிப்பார் என்பது முன்பே தெரிந்த தொகுதி என்றால் மனசுக்குப் பிடித்தவருக்குத் தயங்காமல் போடுங்கள். அந்த ஓட்டுக்கும் பலன் உண்டு. மாநிலத்தில் பதிவான செல்லுபடியாகும் ஓட்டில் 8 சதவீதம் வாங்கினால், ஒரு தொகுதிகூட ஜெயிக்காமலே ஒரு கட்சி மாநிலக் கட்சி அங்கீகாரம் பெற முடியும். 2024 தேர்தலில் வாங்கிய ஓட்டை வைத்து நாம் தமிழர் கட்சி அப்படித்தான் பெற்றது. ஆனால் கடும் போட்டி நடக்கிற தொகுதி, இருவரில் ஒருவர் வருவதை நீங்கள் மனதார விரும்பவில்லை என்றால், அவரைத் தோற்கடிக்கக்கூடியவருக்குப் போடுவதில் எந்தக் குற்ற உணர்வும் வேண்டாம். அதுவும் உங்கள் மனசாட்சிப்படி போட்ட ஓட்டுதான்.

நோட்டா, அதாவது ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்ற பொத்தான் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 2013-இல் வந்தது. எண்ணுவார்கள், அறிவிப்பார்கள். ஆனால் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், அடுத்து அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரே எம்.பி. ஆவார். 2024-இல் இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது, முடிவில் ஒன்றும் மாறவில்லை. யாரையுமே ஏற்க முடியவில்லை என்றால் வீட்டில் இருப்பதை விட நோட்டா மேல். பிரமாணப் பத்திரங்களைப் படிக்காமலே அங்கே போகாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பணம். இதை நான் மனம் கனத்துத்தான் எழுதுகிறேன். வாங்குவதும் கொடுப்பதும் குற்றம். 2019-இல் வேலூரில் இதனாலேயே தேர்தல் ரத்தாகி, ஆகஸ்ட் 5 அன்று தனியாக நடந்தது. வாங்காமல் இருப்பதுதான் சரி. ஆனால் உங்களைக் கேட்காமலே வீட்டில் யாரோ வாங்கிவிட்டார்கள், குழந்தை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால், அந்தச் சத்தியம் உங்களைக் கட்டாது. ஓட்டு ரகசியம், சட்டம் அதைக் காக்கிறது. யாருக்குப் போட்டீர்கள் என்று எந்தக் கட்சிக்காரராலும் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்துவிடும் என்று மிரட்டினால் அது பொய்.

அப்பாவிடம் சண்டை வேண்டாம். அவர் அந்தக் கட்சிக்குப் போட ஆரம்பித்த காலத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்தத் தலைமுறையின் பிடிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் வலுவான காரணம் ஒன்று இருக்கும். ஒரு வேலையோ, மரியாதையோ, பள்ளிக்கூடமோ. கேட்டுக்கொள்ளுங்கள். அது இன்றைக்கும் பொருந்துமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். முடிவை அவரிடம் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இவ்வளவு யோசித்தும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பயனில்லை. இன்றே வாக்காளர் பட்டியலில் தேடுங்கள், இல்லையென்றால் படிவம் 6 கொடுங்கள், வீடு மாறியிருந்தால் படிவம் 8. வேட்புமனுவுக்கான கடைசி நாளுக்கு அப்புறம் பெயர் சேர்க்க முடியாது, விண்ணப்பத்தை அதற்குச் சில நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் என்றால் 1950-க்கு போன் செய்யுங்கள்.

இறுதி வேட்பாளர் பட்டியல் வந்ததும், நீங்கள் முடிவு செய்தவருடைய வரிசை எண்ணையும் சின்னத்தையும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பலர் நிற்பது நம் ஊரில் சாதாரணம். 2024-இல் ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே வேறு சிலரும் நின்றார்கள். மறைப்புக்குப் பின்னால் போய் நின்று பெயர் தேடித் திணறுகிறவர்களை ஒவ்வொரு தேர்தலிலும் பார்த்திருக்கிறேன். நீல நிறப் பொத்தானை அமுக்கியதும் பக்கத்து இயந்திரத்தின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். அதில் எண், பெயர், சின்னம் மூன்றையும் சரிபார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.