உப்புக் கூடிய சொதி: மனநோயிலிருந்து மீள்வது பற்றிய உங்கள் கேள்விகளுக்கு

நான் டாக்டர் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று மட்டக்களப்பு நாவலடிக்குள் கடல் வந்தபோது தங்கச்சியைப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் கடும் மனச்சோர்வோடு பாயில் கிடந்தேன். மருந்தும் கவுன்சிலிங்கும்தான் என்னை எழுப்பின. இப்போது துணைக்கு ஆளில்லாதவர்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி: பத்து நாளாக மனச்சோர்வுக்குக் குளிசை போடுகிறேன். வயிறு பிரட்டுகிறது, மனதில் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்தட்டுமா?

நிறுத்தாதீங்க தம்பி. இந்தக் குளிசைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும், சிலருக்கு அதற்கும் மேலே. தொந்தரவு முதலில் வரும், சுகம் பிறகுதான் வரும். பத்தாம் நாளில் பலர் விட்டுவிடுவது இதனால்தான். வயிற்றுப் பிரட்டல் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் அடங்கிவிடும். அடங்காவிட்டால் கிளினிக் கொப்பியில் போட்ட அடுத்த திகதிவரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள், இல்லாவிட்டால் வேறு மருந்து தருவார்கள்.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுச்சாமம் என்றாலும் 1926க்கு எடுங்கள், அது இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம், தமிழிலும் பேசலாம்.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன். சுகம் வந்துவிட்டது என்று மூன்றாம் மாதமே குளிசையை விட்டேன். ஆறு கிழமையில் பழையபடி பாய்தான். சுகமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் போட வேண்டும் என்று முதலே சொல்லித்தான் இருந்தார்கள், நான் காதில் வாங்கவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு மகள்: உம்மாவுக்கு யாரோ பேசுவது போல் கேட்கிறதாம். ஓதிப் பார்த்தால் போதும் என்கிறார் வாப்பா.

ஓதட்டும் மகள், அதற்காக வாப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். என்னையும் நூல் கட்டி, கண்ணகி அம்மனுக்கு நேர்ந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஆனால் ஓதி முடியட்டும் என்று மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள். எவ்வளவு வேளைக்குத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. உடம்பில் உள்ள வேறு வருத்தத்தாலும் சிலருக்கு இப்படிக் கேட்கும், அதையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உம்மா நித்திரை இல்லாமல் இருந்தால், "நித்திரைக்குக் காட்டுவோம்" என்று வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு இல்லை.

வீட்டில், "அப்படி ஒன்றும் கேட்கவில்லை, சும்மா இருங்கள்" என்று அதட்ட வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை உம்மா, ஆனால் நீங்கள் பயந்து போயிருக்கிறது விளங்குது" என்று பக்கத்தில் இருங்கள்.

வாழைச்சேனையிலிருந்து: கலியாணம் பேசுகிறார்கள். மருந்து போடுவதைச் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லுங்கள். தரகர் வழியாக வேண்டாம், நேரே மாப்பிள்ளையிடம். பிள்ளை பெற யோசிக்கும்போது மருந்தை நீங்களாக விடாமல் முதலில் டாக்டரிடம் பேசுங்கள்.

கல்முனையிலிருந்து: சுகம் வருகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

எனக்குத் தெரியவில்லை, அம்மாவுக்குத்தான் தெரிந்தது. ஒரு மத்தியானம் சோற்றுக்கு மீன் சொதி விட்டார். ஒரு வாய் வைத்துவிட்டு, "உப்புக் கூடிப்போச்சு" என்றேன். அம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி நின்று அழுதார். எதைப் போட்டாலும் ருசி தெரியாமல் விழுங்கிவிட்டுப் போய்ப் படுத்தவள் அல்லவா நான்.

தங்கச்சியின் நினைவு போகவில்லை, போகவும் வேண்டாம். மார்கழி வந்தால் இப்போதும் நித்திரை குழம்பும். அதனால் கார்த்திகையிலேயே ஒரு தடவை கிளினிக்குக்குப் போய்விடுவேன். இந்த வருடத்துக்கும் திகதி எடுத்தாயிற்று.